எண்ணிக் கண்டுபிடித்தவர்: நூலகர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமானும் டிரெஸ்டன் மாயா சுவடியும்

மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளில் வாழ்ந்த மாயா மக்களின் பழைய எழுத்தைப் படித்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் ரஷ்ய அறிஞர் யூரி க்னோரோசோவின் பெயர்தான் முதலில் வரும். அதில் தவறில்லை. 1952-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அந்த எழுத்துகளை ஒலியாகப் படிக்கும் வழி திறந்தது. ஆனால் அதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இன்னொருவர் ஒரு மாயா சுவடியை எடுத்து, அதில் ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுப் படிக்கத் தெரியாமல், அதன் எண் முறை, நாள்காட்டி, விடிவெள்ளிக் கணக்கு ஆகியவற்றை வரிசையாக விளக்கிவிட்டார். அவர் மெக்சிகோவுக்கோ குவாத்தமாலாவுக்கோ போனதே இல்லை. தொல்லியலாளர் இல்லை, வானியலாளரும் இல்லை. ஜெர்மனியில் முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு பிரபுவின் நூலகர், அப்புறம் சாக்சனி அரசின் தலைமை நூலகர். பெயர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டமான்.

இது எப்படி நடந்தது என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வின் கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: நூலக அலமாரியில் ஒரு விசித்திரமான சுவடி கிடந்தது, ஓய்வு நேரத்தில் ஒரு முதியவர் அதைப் பொழுதுபோக்காக எடுத்தார், திடீரென்று பிடிபட்டது. எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. அவர் அதற்கு முன் செய்த முப்பத்தைந்து ஆண்டு வேலையைப் பார்த்தால், மாயா சுவடியில் செய்ததும் அதே வேலைதான் என்று தெரிகிறது. பொருள் மட்டும்தான் புதிது.

கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை

ஃபோர்ஸ்டமான் 1822 செப்டம்பர் 18 அன்று டான்சிக் நகரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவின் துறைமுக நகரம். இன்று போலந்தில் இருக்கிறது. அப்பா அங்கே உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். மகன் போனது மொழியியல் பக்கம். யாக்கப் கிரிம், ஃபிரான்ஸ் பொப் போன்றவர்கள் ஐரோப்பிய மொழிகளின் உறவுமுறையை ஒலி மாற்றங்களைக் கொண்டு நிறுவிக்கொண்டிருந்த காலம் அது. ஜெர்மன் இளைஞர்கள் பலருக்கு அதைவிட ஈர்ப்பான துறை வேறு இருந்திருக்காது. 1844-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, ஊர் திரும்பி ஆசிரியராகச் சேர்ந்தார்.

1846-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை இங்கே கவனிக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் எந்த ஒலி எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எழுதியது அது. 1852-இல் அதையே கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் விரித்து, மூன்று மொழிகளிலும் உயிரொலி எவ்வளவு, மெய்யொலி எவ்வளவு, அவற்றின் விகிதம் என்ன என்று ஒப்பிட்டார். மற்றவர்கள் ஒரு ஒலி எதுவாக மாறியது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, இவர் அது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். மொழிப் புள்ளியியல் என்ற துறையின் வரலாற்றை இன்று எழுதுகிறவர்கள் முன்னோடிகளில் ஒருவராக இவரைச் சேர்க்கிறார்கள். மாயா பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கட்டுரைகளைப் பொதுவாகத் தொடுவதே இல்லை. எனக்கு இதுதான் வழக்கின் முதல் சான்று. புரியாத ஒன்றின் முன் உட்கார்ந்தால் முதலில் எண்ணத் தொடங்குவது அவர் கைப்பழக்கம். இருபத்து நான்கு வயதிலேயே அது வந்துவிட்டது.

அதே 1846-இல் பெர்லின் அறிவியல் கழகம் ஒரு பரிசுப் போட்டி அறிவித்தது. தூண்டுதல் யாக்கப் கிரிம்முடையது. 1100-ஆம் ஆண்டு வரைக்குமான பழைய ஜெர்மன் பெயர்கள் எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். மடங்களுக்கு நிலம் கொடுத்த பத்திரங்கள், இறந்தோர் பட்டியல்கள், ஆண்டுக் குறிப்புகள் என்று அச்சில் வந்த அத்தனையிலும் தேடி, ஒவ்வொரு பெயரும் எந்த எழுத்துக்கோவையில், எங்கே, எப்போது வருகிறது என்று குறிக்க வேண்டும். ஃபோர்ஸ்டமான் இதில் இறங்கினார். ஆட்பெயர்களுக்கான முதல் தொகுதி 1856-இலும், இடப்பெயர்களுக்கான இரண்டாம் தொகுதி 1859-இலும் வந்தன. பெயராய்வில் இது இன்றைக்கும் கையில் எடுக்கப்படும் நூல். பிற்காலத்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள், சேர்த்திருக்கிறார்கள், ஒதுக்கிவைக்கவில்லை.

இடையில் ஒரு சிறு வேலையும் நடந்தது. புரியாத ஒரு சொல்லைப் பேசுகிற மக்கள் தமக்குத் தெரிந்த சொல்லின் சாயலில் மாற்றிவிடுவதற்கு ‘மக்கள் சொற்பிறப்பு’ என்று பெயரிட்டு 1852-இல் கட்டுரை எழுதினார். உலகமெங்கும் மொழியியல் மாணவர்கள் பயன்படுத்தும் அந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தவர் இவர்தான்.

பிரபுவின் நூலகம், பள்ளியின் வகுப்பறை

1851-இல் அவர் ஹார்ட்ஸ் மலை அடிவாரத்தில் உள்ள வெர்னிகெரோடே என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே இரண்டு வேலை. காலையில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர், மற்ற நேரத்தில் ஸ்டோல்பெர்க்-வெர்னிகெரோடே பிரபுக் குடும்பத்தின் நூலகர். அந்தக் கால ஜெர்மனியில் இது சாதாரணம். நூலகர் என்பது தனித்த தொழிலாக இன்னும் உருவாகவில்லை. பேராசிரியரோ பள்ளி ஆசிரியரோ கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பதுதான் வழக்கம். வெர்னிகெரோடே நூலகம் சின்னதல்ல. பைபிள் பதிப்புகளுக்கும் பக்திப் பாடல் நூல்களுக்கும் பேர்போனது. 1746-இலேயே பிரபு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்.

பதினான்கு ஆண்டுகள் இப்படிப் போயின. பெயர் அகராதியின் இரண்டு தொகுதிகளும் இங்கே இருந்தபோதுதான் வெளிவந்தன. 1865-இல் பள்ளி நூலகங்களை எப்படி அமைப்பது, எப்படி நடத்துவது என்று ஒரு நூலும் எழுதினார். பிரபுவின் அரிய நூல்களுக்கு நடுவே இருந்த ஒருவருக்குப் பள்ளிப் பிள்ளைகள் கையில் புத்தகம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதும் கவலையாக இருந்தது. நூலை வைத்திருப்பதும் அதை வெளியே கொடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டிரெஸ்டனில் அவர் எடுத்த முதல் முடிவைப் புரிந்துகொள்ள இது உதவும்.

டிரெஸ்டனில் காத்திருந்தது

அதே 1865-இல் சாக்சனியின் அரச பொது நூலகத்துக்குத் தலைவராக அழைக்கப்பட்டார். டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றங்கரையில் ‘ஜப்பானிய அரண்மனை’ என்ற கட்டடத்தில் அது இயங்கியது. அங்கே ஒரு மாயா சுவடி இருந்தது.

சுவடி அங்கு வந்தது 1739-இல். அரண்மனை மதகுருவும் நூலகருமான யோஹான் கிறிஸ்டியன் கோட்ஸே வியன்னாவில் ஒரு தனியாரிடமிருந்து வாங்கி வந்தார். மெக்சிகோ பக்கத்துச் சித்திரப் புத்தகம் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அத்திமர வகைப் பட்டையில் செய்த தாள், மேலே வெள்ளைச் சுண்ணப் பூச்சு, அதன்மேல் மெல்லிய தூரிகையால் எழுத்தும் உருவங்களும். மடிப்பு மடிப்பாக விரியும் 39 ஏடுகள். முழுதாக விரித்தால் நீளம் மூன்றரை மீட்டர் வரும். ஏடு ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், அதில் பாதி அகலம். 74 பக்கங்களில் எழுத்து. நான்கு பக்கங்கள் வெறுமை.

1562-இல் யுகாத்தான் தீபகற்பத்தின் மானி என்ற ஊரில் டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயா நூல்களைக் குவித்துக் கொளுத்தினார். அங்கும் பிற இடங்களிலும் அழிந்தது போக ஐரோப்பாவுக்கு வந்து பிழைத்தவை மூன்றுதான்: டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ். எரித்த அதே லாண்டாதான் மாயா நாட்களின், மாதங்களின் பெயர்களையும் குறிகளையும் எழுதியும் வைத்தார். அந்தக் கையெழுத்துப்படி 1862-இல் மாட்ரிட்டில் கண்டெடுக்கப்பட்டு, 1864-இல் அச்சானது. அது வராமல் போயிருந்தால் ஃபோர்ஸ்டமானுக்குத் தொடங்க இடமே கிடைத்திருக்காது.

அந்தக் கையெழுத்துப்படியைக் கண்டெடுத்த பிரெஞ்சுப் பாதிரியார் பிரஸ்ஸர் டி பூர்பூர் அதை வைத்து என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். லாண்டா ‘அகரவரிசை’ என்று கொடுத்திருந்த பட்டியலை அப்படியே நம்பி, மாட்ரிட் சுவடியின் ஒரு பகுதியைப் படிக்கத் தொடங்கினார். படித்த திசையே தலைகீழ். கடலில் மூழ்கிய ஒரு கண்டத்தின் கதை அதில் இருப்பதாக எழுதினார். இந்தத் தோல்விக்குப் பிறகும் சொல்லைப் படித்துவிடத் துடித்தவர்கள் பலர் இருந்தார்கள். ஃபோர்ஸ்டமான் அந்தப் பக்கமே போகவில்லை.

பதினைந்து ஆண்டுகள் அவர் நூலகத் தலைவராக இருந்து நூல்களை ஒழுங்குபடுத்தினார். மாயா பற்றி ஒரு வரி எழுதவில்லை. 1880-இல், அறுபதை நெருங்கும் வயதில், முதலில் செய்தது சுவடியின் முழு வண்ண நகலை அச்சிட்டு வெளியிட்டதுதான். லைப்சிக்கில் நவ்மான் அச்சகம் ஒளிப்பட முறையில் 74 தட்டுகளாக அச்சிட்டது. அதற்கு முன் 1810-இல் ஜெர்மன் அறிஞர் ஹும்போல்ட் ஐந்து பக்கங்களை வெளியிட்டிருந்தார். 1831-இல் கிங்ஸ்பரோ பிரபுவின் பெருந்தொகுதியில் இத்தாலிய ஓவியர் அகோஸ்டினோ அக்லியோ கையால் வரைந்த படி வந்திருந்தது. அக்லியோவின் கை நல்ல கை. ஆனால் ஒரு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ ஒரு எண்ணே மாறிவிடும் சுவடி இது. கையால் வரைந்த படியை நம்பி யாரும் கணக்குப் போட முடியாது. ஃபோர்ஸ்டமானின் நகல் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. நூலகத்துக்குள் தனக்கு மட்டும் கையெட்டும் தூரத்தில் இருந்த ஒன்றை, தான் எதையும் கண்டுபிடிப்பதற்கு முன்பே, போட்டியாளர்கள் எல்லோர் மேசைக்கும் அனுப்பிவைத்தார். அவரைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த செய்தி இது.

நாற்பத்தாறாம் பக்கத்தில்

கோடும் புள்ளியும் எண்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்ததுதான். புள்ளி ஒன்று, கோடு ஐந்து என்று 1832-இல் ரஃபினெஸ்க் என்பவர் சொல்லியிருந்தார். பத்தொன்பது வரை இப்படி எழுதலாம்: மூன்று கோடு, நான்கு புள்ளி. அதற்கு மேல் என்ன? இங்கேதான் ஃபோர்ஸ்டமானின் பங்கு தொடங்குகிறது. எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தால் அது இடமதிப்பு என்று காட்டினார். கீழே ஒன்றுகள், அதற்கு மேல் இருபதுகள். கிளிஞ்சல் போன்ற ஒரு குறி சுழியம்.

கீழிருந்து மூன்றாவது அடுக்கு, அதாவது மூன்றாம் தட்டு? இருபதின் அடுக்கில் போனால் 20 பெருக்கல் 20, அதாவது 400 வர வேண்டும். மாயாக்களுக்கு அது 360. இதைச் சுவடியே எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். பக்கம் 46-இன் அடிப்பகுதியில் நான்கு எண்கள் இருக்கின்றன. 11-உம் 16-உம் அடுக்கியது: பதினொரு இருபது, பதினாறு, ஆக 236. அடுத்து 4, 10: 90. அடுத்து 12, 10: 250. கடைசி சுழியமும் 8-உம்: 8. இவை நான்கிலும் இரண்டு தட்டுதான்; குழப்பத்துக்கு இடமில்லை. அதே பக்கத்தில் இன்னொரு வரிசையில் கூட்டுத்தொகைகள் ஓடுகின்றன. முதலாவது 236. இரண்டாவது 16, 6: 326. அதாவது 236-உம் 90-உம். சரி, மூன்றாவது 326-உம் 250-உம் சேர்ந்து 576 ஆக வேண்டும். அங்கே எழுதியிருப்பது 1, 10, 16. மூன்றாம் தட்டை 400 என்று எடுத்தால் 616 வருகிறது; கணக்கு உதைக்கிறது. 360 என்று எடுத்தால் 360-உம் 200-உம் 16-உம் சேர்ந்து 576. நான்காவது 1, 11, 4: 584. அதாவது 576-உம் 8-உம்.

584 என்ற எண் எதற்கு? வெள்ளிக் கோள் விடிவெள்ளியாகத் தோன்றி, மறைந்து, மாலை வெள்ளியாகி, மறுபடி விடிவெள்ளியாக வருவதற்கு ஆகும் நாட்கள் சராசரி 583.92. பக்கம் 46 முதல் 50 வரை ஐந்து பக்கங்களிலும் இதே நான்கு எண்கள். ஐந்து வெள்ளிச் சுற்று. கடைசிக் கூட்டுத்தொகை 8, 2, 0: 2,920. அது எட்டு 365 நாள் ஆண்டுகளுக்குச் சமம். பக்கம் 24-இல் இந்த 2,920-இன் மடங்குகள் அடுக்காக வருகின்றன. அதாவது பக்கம் 24-தான் இந்த அட்டவணையின் முகவுரை. நேரே 46-க்குப் போக வேண்டும். ஏடுகள் பிரிந்து இரு துண்டானதில் இடையே 21 பக்கங்கள் புகுந்துவிட்டன. இந்தத் தொடர்பையும் எண்கள்தான் காட்டிக்கொடுத்தன.

இதில் ஒரு விஷயம் வானத்தோடு ஒட்டவில்லை. வெள்ளி விடியலில் தெரியும் காலமும் மாலையில் தெரியும் காலமும் உண்மையில் கிட்டத்தட்ட சமம். தலா 260 நாள் அளவில். சுவடியோ 236, 250 என்கிறது. இடையில் மறையும் காலத்துக்கு 90 நாள் கொடுக்கிறது. அதுவும் மிக அதிகம். ஆனால் மொத்தம் 584, கடைசி மறைவு 8 நாள், இரண்டும் பொருந்துகின்றன. வானத்தில் பார்த்ததைச் சடங்குக்கும் நாள்காட்டிக்கும் ஏற்றபடி வகுத்திருக்கிறார்கள் என்றுதான் பிற்காலத்தவர்கள் கருதுகிறார்கள். பொருந்தாத எண்களைப் பார்த்து முழுக் கருத்தையும் கைவிட்டுவிடாமல், மொத்தத்தைப் பிடித்துக்கொண்டது ஃபோர்ஸ்டமானின் நல்ல தீர்ப்பு.

சிவப்பு எண்களின் வேலை வேறு. மாயா நாள்காட்டியில் 1 முதல் 13 வரை ஓடும் எண்ணும், இருபது நாட்பெயர்களும் தனித்தனியே சுற்றும். நம் பஞ்சாங்கத்தில் ஏழு கிழமையும் இருபத்தேழு நட்சத்திரமும் தனித்தனியே ஓடுவது போலத்தான். 13-ம் 20-ம் மறுபடி அதே இணையில் சந்திக்க 260 நாளாகும். சுவடியின் பல பக்கங்களில் இந்த 260 நாளைத் துண்டாக்கி, துண்டுக்கொரு தெய்வமும் பலனும் தருகிறார்கள். துண்டின் நீளம் கறுப்பில், போய்ச் சேரும் எண் சிவப்பில். எடுத்துக்காட்டாக, சிவப்பில் 4, கறுப்பில் 12 என்றால் கூட்டி 16. பதின்மூன்றைக் கழித்தால் 3. அடுத்த சிவப்பு எண் 3 ஆக இருந்தால் எழுதியவர் சரி. இல்லையென்றால் எங்கோ கைப்பிழை. ஒவ்வொரு வரியும் தன்னைத் தானே சரிபார்க்கும் ஏற்பாடு இது. மாணவர்களின் கணக்கு நோட்டு திருத்திப் பழகியவருக்கு இதைவிட வசதியான சுவடி கிடைத்திருக்காது. எழுதிய மாயா எழுத்தர் சில இடங்களில் தவறியிருப்பதையும் கணக்கைக் கொண்டே அவரால் சொல்ல முடிந்தது.

பெரிய எண்களுக்குப் போகலாம். பக்கம் 24-இல் ஐந்து தட்டுள்ள எண் ஒன்று உண்டு: 9, 9, 16, 0, 0. நான்காம் தட்டு 7,200, ஐந்தாம் தட்டு 1,44,000. கூட்டினால் 13,66,560. இந்த எண் 260-ஆல் மீதியின்றி வகுபடும். 365-ஆலும் வகுபடும். 584-ஆலும் வகுபடும். இதை யாரும் தற்செயல் என்று சொல்ல முடியாது. சடங்கு நாள்காட்டி, ஆண்டு, வெள்ளி மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேருமாறு தேர்ந்தெடுத்த தொகை. இத்தகைய பெரும் எண்கள் எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்று தேடி, எல்லாம் ‘4 அஹாவ் 8 கும்கு’ (260 நாள் சுற்றில் 4 அஹாவ், 365 நாள் ஆண்டில் கும்கு மாதம் 8) என்ற ஒரே நாளிலிருந்து தொடங்குகின்றன என்பதை 1887-இல் வெளியிட்டார். மாயா வரலாற்றுக் காலக்கணிப்பு முழுவதற்கும் அச்சாணி இந்த நாள்தான். இன்று பெரும்பாலோர் ஏற்கும் கணக்கில் அது கி.மு. 3114 ஆகஸ்ட்.

அந்தக் கணக்கு சுவடிக்கு மட்டும் உரியதா? 1890-களில் ஆங்கிலேய ஆய்வாளர் ஆல்ஃபிரட் மாட்ஸ்லே ஹோண்டுராஸின் கோபான் நகரக் கல்தூண்களை அருமையாகப் படமெடுத்து வெளியிட்டபோது, ஃபோர்ஸ்டமான் அந்தப் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு தூண்களின் தொடக்கத்தில் உள்ள தேதிகளையும் அதே முறையில் 1894-இல் படித்துக் காட்டினார். காகிதச் சுவடியும் கல்லும் ஒரே நாளிலிருந்து எண்ணுகின்றன. அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நூலகத் தலைமையை 1887-இலேயே விட்டுவிட்டிருந்தார். அரசரின் தனி நூலகத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

எட்டாத இடங்கள்

பக்கம் 51 முதல் 58 வரை இன்னொரு பெரிய அட்டவணை. 177 நாள், 148 நாள் என்று இடைவெளிகள் மாறி மாறி வருகின்றன. ஆறு சந்திர மாதம், ஐந்து சந்திர மாதம். மொத்தம் 405 சந்திர மாதங்கள். 11,960 நாளோடு அதை இணைக்கிறார்கள். இது சந்திரனைப் பற்றியது என்று ஃபோர்ஸ்டமான் கண்டார். ஆனால் 11,960 என்பது 115-இன் 104 மடங்கு என்பதும் அவர் கண்ணில் பட்டது. புதன் கோளின் சுற்று ஏறத்தாழ 116 நாள். ஆகவே இதில் புதனும் இருக்கிறது என்று எழுதினார். உண்மையில் இது கிரகணம் நேரக்கூடிய நாட்களின் பட்டியல். அவர் இறந்த பிறகு 1913-இல்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. வகுபடும் எண்களைத் தேடிப் பழகிய கண் சில சமயம் இல்லாத உறவையும் பார்த்துவிடும். பெரிய எண் எதையும் ஏதோ ஒன்றால் வகுக்க முடியும். அது மட்டும் சான்றாகிவிடாது. 584-க்குப் பின்னால் ஐந்து பக்கமும் நான்கு உட்பிரிவும் துணை நின்றன. 115-க்கு அப்படி எதுவும் இல்லை.

எழுத்துகளின் ஒலியை அவர் தொடவில்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. அவருக்குப் பிறகு வந்த சில தலைமுறைகள், மாயா எழுத்தில் நாளும் கோளும் தவிர வரலாறே இல்லை என்று நம்பியதற்கு அவருடைய வெற்றியும் ஒரு காரணம் என்கிறார்கள். இரண்டாவதில் உண்மை இருக்கிறது. கல்தூண்களில் இருப்பவை அரசர்களின் பிறப்பும் முடிசூட்டலும் போரும் என்று 1960-இல் மாயா ஆய்வாளர் தத்தியானா புரோஸ்கூரியாக்கோஃப் காட்டும் வரை அந்த நம்பிக்கை நீடித்தது. ஆனால் அந்தக் குற்றத்தை ஃபோர்ஸ்டமான் மேல் ஏற்றுவது நியாயமில்லை. அவருக்கு முன் ஒலியைப் படிக்கப் போன பிரஸ்ஸருக்கும், பிறகு அமெரிக்காவில் முயன்ற சைரஸ் தாமஸுக்கும் அது கைகூடவில்லை. அடிப்படையாக வேண்டிய தரவே அன்று போதவில்லை. எதை நிறுவ முடியுமோ அதை மட்டும் நிறுவினார். புரோஸ்கூரியாக்கோஃப் செய்ததும் தேதிகளுக்கு இடையிலான ஆண்டுகளை எண்ணிப் பார்த்ததுதான். ஒரு மனித ஆயுளுக்குள் அவை அடங்குகின்றன என்பதிலிருந்துதான் அரசர்கள் வெளிவந்தார்கள். அந்தத் தேதிகளைப் படிக்கும் வழி ஃபோர்ஸ்டமான் போட்டது.

நகல் போன இடங்கள்

1880-இன் நகல் வெளியே போனதன் பலன் உடனே தெரிந்தது. பெர்லினில் பவுல் ஷெல்ஹாஸ் என்ற சட்டத்துறைக்காரர் சுவடிகளில் வரும் தெய்வ உருவங்களை எடுத்து, பெயர் தெரியாததால் ரோமன் எழுத்துகளால் வரிசைப்படுத்தினார். அந்த எழுத்துப் பெயர்கள் மாயா ஆய்வில் இன்னும் புழங்குகின்றன. கலிஃபோர்னியாவில் ஜோசப் குட்மன் என்ற முன்னாள் செய்தித்தாள் ஆசிரியர் 1897-இல் கல்வெட்டு நாள்காட்டி பற்றிய தன் கண்டுபிடிப்புகளை வெளியிட்டார். எல்லாம் தானே கண்டது என்றார். அவர் ஃபோர்ஸ்டமானைப் படித்துவிட்டுத்தான் எழுதினாரா என்ற சர்ச்சை உண்டு. தொடக்க நாளை 1887-இலேயே ஃபோர்ஸ்டமான் அச்சில் கொடுத்துவிட்டார் என்பதில் சர்ச்சை இல்லை. முதல் உரிமை அவருக்கே என்பது என் கருத்து. மாயா நாட்களை நம் ஆண்டுக் கணக்கோடு பொருத்துவதில் வென்றவர் குட்மன். 1905-இல் அவர் சொன்ன பொருத்தம், சிறு திருத்தங்களோடு, இன்றும் நிற்கிறது.

எண்பதை நெருங்கும் வயதிலும் ஃபோர்ஸ்டமான் நிறுத்தவில்லை. டிரெஸ்டன் சுவடிக்கு 1901-இலும், மாட்ரிட் சுவடிக்கு 1902-இலும், பாரிஸ் சுவடிக்கு 1903-இலும் பக்கம் பக்கமாக விளக்கவுரை வெளியிட்டார். போஸ்டனைச் சேர்ந்த செல்வந்தரும் ஆய்வாளருமான சார்ல்ஸ் பௌடிச் முயற்சியால் இவரது கட்டுரைகள் 1904-இல் ஆங்கிலத்தில் வந்தன. டிரெஸ்டன் விளக்கவுரையை 1906-இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, பெர்லினை ஒட்டிய ஷார்லோட்டன்பர்க்கில், 84 வயதில் இறந்தார்.

1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் மீது குண்டு விழுந்தபோது ஜப்பானிய அரண்மனையும் தப்பவில்லை. சுவடி பாதுகாப்புக்காக நிலவறையில் வைக்கப்பட்டிருந்தது. அங்கே தண்ணீர் புகுந்தது. ஏடுகள் நனைந்து, சில பக்கங்களில் வண்ணமும் சுண்ணப் பூச்சும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போயின. அந்த இடங்களில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இன்றும் திறப்பது 1880-இன் நகலைத்தான். பக்க எண்களும் அவர் நிலைநிறுத்தியவையே. சுவடியின் உண்மையான வரிசை 1 முதல் 24, பிறகு 46 முதல் 74, கடைசியில் 25 முதல் 45 என்று தெரிந்த பிறகும் யாரும் எண்ணை மாற்றவில்லை. உலகமெங்கும் எழுதப்பட்ட எல்லாக் கட்டுரைகளும் அந்த எண்களைக் கொண்டே மேற்கோள் காட்டுகின்றன.

சுவடி இப்போது டிரெஸ்டனில் சாக்சனி மாநில நூலகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூலகம் அதன் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் பக்கம் 46-இல் தொடங்குங்கள். அங்கே வெள்ளியைக் கண்டுபிடிக்க மாயா மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, கூட்டத் தெரிந்தால் போதும்.